சூடான சீட்டு

கோபிப் பாலைவனத்தில் குளிர்காலம் வந்துவிட்டால் ஒத்கோனுக்குத் தன் பழைய டீசல் லாரியோடு தினமும் மல்லுக்கட்டுதான். ராத்திரியில் பேட்டரியைக் கழற்றிவந்து கூடாரத்துக்குள் அடுப்போரம் வைத்தான். பானெட்டுக்குக் கனத்த கம்பளி போர்த்தினான். காலையில் எஞ்சினுக்கு அடியில் சாணித் தணல் வைத்தான். லாரி முனகியதோடு சரி.

"அடுப்போரம் பேட்டரிக்கு, வாசலோரம் பொண்டாட்டிக்கா?" என்று குத்தினாள் மனைவி ஸயா. "மலைக்கு அந்தப் பக்கம் என் தம்பியோட ஆடெல்லாம் புல்லில்லாம சாகுது. நீ லாரியத் தாலாட்டிக்கிட்டு இருக்க!"

இதில் இன்னொரு எரிச்சல் வேறு. எஞ்சின் பனிக்கட்டியாகக் கிடக்கும். கதவு பூட்டியபடியே இருக்கும். ஓட்டுநர் சீட்டு மட்டும், யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோல், தினமும் சூடாக இருக்கும்.

அன்று ஒத்கோனுக்குப் பொறுமை போய்விட்டது. காலி சீட்டைப் பார்த்துக் கத்தினான்.

"விடிய விடிய ஓசியில உக்காந்திருக்கியே, வண்டிய ஸ்டார்ட் பண்ணியாவது வைக்கக் கூடாதா?"

மறுநாள் காலை இருவரும் உப்புத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது வெளியே லாரி உறுமியது.

"அப்பாடா, கிளம்பிடுச்சு!" என்றாள் ஸயா. பிறகு அவளும் அவனும் அடுப்போரம் பார்த்தார்கள். பேட்டரி அங்கேயேதான் இருந்தது.

புல்லுக்கட்டு ஏற்றியாயிற்று. போயே ஆக வேண்டும். ஒத்கோன் பூட்டைத் திறந்து ஏறி உட்கார்ந்தான். ஓட்டுநர் சீட்டு ஜில்லென்று இருந்தது.

கியர் போட நீட்டிய கை பக்கத்துச் சீட்டில் பட்டது. அது சூடாக இருந்தது.