பொட்டு வைத்த படம்

அக்கா ஸ்டிக்கர் தாளை என் கையில் திணித்தபோது மணி ஐந்தரை. ஆறு மணிக்குக் கண்காட்சி முடிகிறது.

"அந்த மூலைப் படத்துல ஒண்ணு ஒட்டிடு. அந்தப் பொண்ணோட அப்பாவை நான் பேச்சுல பிடிச்சு வெச்சுக்கிறேன். அவர் திரும்புறதுக்குள்ள முடிச்சிடணும்."

அக்கா நடத்தும் எங்கள் ஓவியக் கூடத்தில் ஒரு படம் விற்றுப்போனால் அதன் பெயர்ச்சீட்டின் ஓரத்தில் ஒரு சிவப்பு வட்டம் ஒட்டுவோம். எங்கள் பேச்சில் அது பொட்டு. "என்ன, உனக்குப் பொட்டு வெச்சாச்சா?" என்று ஓவியர்கள் ஒருவரையொருவர் சீண்டுவார்கள். பெண் பார்க்க வந்த வீடு மாதிரி இருக்கும்.

மூலைப் படத்தை யாரும் வாங்கவில்லை.

எனக்குத் தெரியும். காலையிலிருந்து வாசல் மேசையில் நான்தான் இருந்தேன். வந்தவர்கள் நாற்பத்தொரு பேர். எல்லாரும் ஓவியர்களின் உறவுக்காரர்கள். நேராகத் தங்கள் வீட்டுப் பிள்ளையின் படத்துக்குப் போய், அதோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, மற்ற எட்டுப் பேரின் படங்களை ஓரக்கண்ணால்கூடப் பார்க்காமல் படியிறங்கிவிட்டார்கள்.

புதியவர்களுக்கென்றே அக்கா நடத்துகிற கூட்டுக் கண்காட்சி இது. வருஷத்துக்கு ஒன்று. இதுவரை எங்குமே படம் மாட்டாத ஒன்பது பேரை எங்கிருந்தோ தேடிப் பிடித்துக்கொண்டு வருவார். எதற்குப் பக்கத்தில் எது, எந்த விளக்கு எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று மூன்று நாள் எங்களைப் படுத்தி எடுப்பார். ஆணி அடிப்பது என் வேலை. ஒரு விரற்கடை இறங்கினாலும் கழற்றச் சொல்வார்.

அவ்வளவு பாடுபட்டும் வருஷத்துக்கு ஒரே ஒரு பொட்டுதான். அதற்கு மேல் விழுந்ததில்லை. இந்த வருஷம் அதுவும் இல்லை.

மூலைப் படத்தை வரைந்தவளுக்குப் பதினெட்டு வயது. ஆஸ்பத்திரியில் காத்திருப்பவர்களுக்கான நாற்காலிகளை வரைந்திருந்தாள். எல்லாம் காலி. ஒன்றில் மட்டும் யாரோ மறந்துவிட்டுப் போன ஸ்வெட்டர்.

நல்ல படம். நல்ல படம் என்பதற்கும் யாராவது வாங்குவதற்கும் சம்பந்தமில்லை.

அவளுடைய அப்பா நாலு மணிக்கே வந்துவிட்டார். என் மேசைக்கு முன்னால் வைத்துத்தான் மகளிடம் சொன்னார்.

"ஆறு மணி வரைக்கும் பார்ப்போம். ஒருத்தர் வாங்கினாலும் நான் வாயே திறக்க மாட்டேன், உன் இஷ்டம். இல்லேன்னா இதையெல்லாம் மூட்டை கட்டிட்டு நர்ஸிங்ல சேர்ற. காலேஜ்ல இன்னிக்கு வரைக்கும்தான் சீட்டைப் பிடிச்சு வெச்சிருப்பாங்க."

மகள் தலையாட்டினாள். அப்போதிருந்து சுவரோடு சுவராக நின்றாள். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாளே தவிரக் குடிக்கவில்லை.

நான் தாளோடு மூலைக்குப் போனேன். எப்போதும் பொட்டு ஒட்டுவது அக்காதான். அந்தத் தாளை அன்றுதான் கையில் வாங்கிப் பார்க்கிறேன். பழைய தாள், ஓரமெல்லாம் மஞ்சள். மேலே ஆறு வட்டங்கள் உரிக்கப்பட்டிருந்தன. ஏழாவதை நகத்தால் கிளப்பினேன்.

அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து அக்கா மனம் இளகிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். இந்த ஒரு தடவைதானே.

பசை காய்ந்துபோயிருந்தது. ஒட்டவில்லை. கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு பத்து வரை எண்ணினேன்.

அப்பா திரும்பினார். பெயர்ச்சீட்டைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, கிட்டே போய் மறுபடி பார்த்தார்.

"யாருங்க வாங்கினது?"

"பேர் சொல்லக் கூடாதுங்க. இங்க அதுதான் வழக்கம்," என்றார் அக்கா.

 அப்பா மகளின் தலையில் கை வைத்தார். "சரிம்மா. சீட்டு வேண்டாம்னு சொல்லிடுறேன்." போனைக் காதில் வைத்துக்கொண்டே படியிறங்கினார். சொன்ன சொல் மாறாத மனிதர்.

மகள் அதற்கப்புறம்தான் தண்ணீரைக் குடித்தாள். ஒரே மூச்சில்.

"யாரா இருக்கும்?" என்று என் காதருகே வந்து கேட்டாள். "தள்ளி நின்னாவது ஒரு தடவை அவங்களைப் பார்க்கணும்."

ஆறு மணிக்கு எல்லாரும் போனதும் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தோம். தாளை அக்காவிடம் நீட்டினேன்.

"இதுல ஆறு இடம் காலியா இருக்கே, அக்கா."

அவர் கடைசி விளக்கை அணைத்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

"ஒட்டாம விட்டிருந்தா நீங்க ஒருத்தரும் மறுபடி பிரஷ்ஷைத் தொட்டிருக்க மாட்டீங்க."

நான் பிரஷ்ஷைத் தொட்டு நாலு வருஷம் ஆகிறது.

இது ஏழாவது கண்காட்சி. முதலாவதில் நான் ஆணி அடிக்கிறவள் இல்லை. ஒன்பது பேரில் ஒருத்தி. அந்த வருஷத்துப் பொட்டு என் படத்தில் விழுந்தது. இனி ஓவியம்தான் என்று, மறுநாளே அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்திலிருந்து நின்றுகொண்டேன்.

பிறகு நானாகவே அக்காவிடம் வந்து வேலை கேட்டேன். எந்த வேலை வேண்டும் என்றார். வாசல் மேசை என்றேன்.

என் படத்தை வாங்கியவர் என்றைக்காவது மறுபடி வருவார் அல்லவா?