காய் பிடிக்காத பூ

“பொய் சொல்லாதீங்கோ ஆதிகேசவன். இந்தக் கள்ளிக் குட்டியை எங்க மாடியிலேர்ந்து எப்போ கிள்ளிண்டு போனேள்?”

மல்லேஸ்வரம் வீட்டு மொட்டைமாடியில் இரண்டு கள்ளிச்செடித் தொட்டிகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்று ருக்குவுடையது. மற்றது ஆதிகேசவன் லிங்கராஜபுரத்திலிருந்து ஸ்கூட்டரில் வைத்துக் கொண்டுவந்தது. இரண்டிலும் ஒரே பூ. ஆரஞ்சு இதழ், நடுவில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு கோடு.

“விதை போட்டு வளர்த்தது மேடம். ரெண்டு செடியை நானே சேர்த்தேன். காய் எடுத்து விதைச்சேன். பூ பார்க்க ஏழு வருஷம் ஆச்சு.”

“எங்காத்துக்காரரும் ஏழு வருஷம்தான் வளர்த்தார். பூ வரச்சே அவர்தான் இல்லை.”

ஷங்கர் இறந்து எட்டு மாதம் ஆகிறது.

“மாசக் கடைசியில நம்ம கள்ளிச்செடி சங்கத்துக் கண்காட்சி. இந்தக் கலப்புக்கு ‘ஷங்கர்’னு பேர் குடுக்கலாம்னு இருக்கேன். நீங்க என்னடான்னா வாட்ஸப் குரூப்ல போட்டோ போட்டு, என் கலப்புன்னு எழுதறேள். ஒரு பூவுக்கு ரெண்டு பேரா?”

“நான் எங்கம்மா பேரை வைக்கலாம்னு...”

“ஒரு காயில நூறு விதை இருந்தா நூறும் நூறு தினுசாப் பூக்கும். ரெண்டு வீட்டுல அச்சடிச்ச மாதிரி வருமா? நீங்களே சொல்லுங்கோ.”

“வராதுதான்.”

“விதைச்ச மூணாம் வருஷம் மழை கொட்டித்தே, அதுல அவர் நாத்தெல்லாம் அழுகிப்போயிடுத்து. ஒரு வாரம் மனுஷருக்குச் சாப்பாடு இறங்கலை. அப்புறம்தான் ஒருநாள், ‘ருக்கு, இது ஒண்ணு தப்பிச்சிருக்கு பாரு’ன்னு கையில கொண்டுவந்து காமிச்சார். அந்தச் செடி இது.”

ஆதிகேசவன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு தன் தொட்டியைச் சும்மா கொஞ்சம் திருப்பி வைத்தார்.

“சோதிச்சுப் பார்த்துடலாம்” என்றாள் ருக்கு.

“எதுக்கு மேடம் அதெல்லாம்.”

“ஏன், பயமா? ஒரே செடியிலேர்ந்து பிரிஞ்ச குட்டின்னா ஒண்ணோட மகரந்தம் இன்னொண்ணுல காய் பிடிக்காது. நீங்கதானே கூட்டத்துல எல்லாருக்கும் பாடம் எடுத்தேள்.”

“எடுத்தேன்.”

“அப்போ பிரஷ்ஷை எடுங்கோ.”

ருக்குவின் செடியில் இரண்டு பூக்கள். ஒன்றில் ஆதிகேசவன் செடியின் மகரந்தத்தைத் தடவி, சிவப்பு நூல் கட்டினாள். இன்னொன்றில் மாடியிலிருந்த வேறொரு கள்ளியின் மஞ்சள் பூவிலிருந்து மகரந்தத்தைத் தடவி, வெள்ளை நூல் கட்டினாள். ஆதிகேசவன் பழக்கதோஷத்தில் சட்டைப்பையிலிருந்து ஒரு தகரத் துண்டும் ஆணியும் எடுத்தார், தேதியைக் குத்தி வைக்க.

“அந்தத் தகரத்தை உள்ள வைங்கோ. போன வருஷம் நீங்க குடுத்த செடியைத் தொட்டி மாத்தறச்சே விரலைக் கிழிச்சுடுத்து.”

“பேனா எழுத்து வெயில்ல போயிடுது மேடம். மேல சொருவி வச்சா காக்கா புடுங்கிக்குது. அதான் வேருக்கு அடியில வச்சிடறது.”

“உங்கப்பாவுக்கு கோலார் தங்கச் சுரங்கத்துல நம்பர் குத்தின டோக்கன் குடுத்தாளாம். நீங்க செடிக்குக் குடுக்கறேள்.”

ஆதிகேசவன் சிரித்துக்கொண்டே தகரத்தைப் பைக்குள் போட்டார். இரண்டு பூக்களுக்கும் தேனீ வராமல் வலைத்துணி கட்டிவிட்டு, தன் தொட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்.

பன்னிரண்டு நாள் கழித்து ருக்கு போன் செய்து வரச்சொன்னாள். வலையைப் பிரித்தாள். வெள்ளை நூல் கட்டிய இடத்தில் காய் சுண்டைக்காய் அளவுக்குப் பருத்திருந்தது. சிவப்பு நூல் கட்டிய பூ சுருங்கி, விரல் பட்டதும் கையோடு வந்துவிட்டது.

“பார்த்தேளா?”

“பார்த்தேன்.”

“இப்போ என்ன சொல்றேள்?”

ஆதிகேசவன் அந்த வாடிய பூவை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

“ரெண்டும் ஒரே செடிதான் மேடம்.”

“அப்போ எடுத்துண்டு போனது?”

“தப்புதான்னு வச்சிக்குங்களேன்.”

“வச்சுக்கறது என்ன? கேட்டிருந்தா அவரே குடுத்திருப்பாரே. இல்லைன்னு சொல்ற மனுஷரா அவர்?”

“இல்லைதான். நல்ல மனுஷர். கண்காட்சியில என் செடியை வைக்கலை. நீங்க ‘ஷங்கர்’னே பேர் குடுங்க.”

“குரூப்ல?”

“போட்டோவை எடுத்துடறேன்.”

ருக்கு அன்று அவருக்குக் காபி கொடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார்.

கண்காட்சிக்கு இன்னும் மூன்று நாள். ஷங்கர் வைத்த பழைய மண்தொட்டியின் விளிம்பு உடைந்திருந்தது. நீலப் பீங்கான் தொட்டி ஒன்றை வாங்கிவைத்திருந்தாள் ருக்கு. செடியைச் செய்தித்தாளில் சுற்றிப் பிடித்து, தொட்டியைக் கவிழ்த்துத் தட்டினாள். கட்டியாக வந்த மண்ணை விரலால் மெல்ல உதிர்த்தாள்.

விரலில் சுருக்கென்று ஏதோ கிழித்தது.

முள்ளாக இருக்கும் என்று பார்த்தாள். வேர்களுக்கு அடியில், துருவேறிய ஒரு தகரத் துண்டு. புடவைத் தலைப்பால் துடைத்தாள். ஆணியால் குத்திய புள்ளிகள் ஒவ்வொன்றாக எழுத்தாயின.

‘ஆ.கே. கலப்பு 41. குட்டி, ஷங்கர் சாருக்கு.’