போக விடுகிறோம்

அவர் பேச்சை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்.

இனி அவள்தான் சொல்ல வேண்டும்.

எதிரே நாற்பத்து மூன்று பெண்கள். நீலச் சட்டையோடு, சாப்பிட்ட கை காய்வதற்குள் கேன்டீனில் உட்கார வைக்கப்பட்டவர்கள். கார்களுக்கு வயர் கட்டும் தொழிற்சாலை அது.

அவளும் நான்கு வருடம் அதே நீலச் சட்டையில் வயர் கட்டியவள். அஞ்சல்வழியில் பி.ஏ. ஆங்கிலம் முடித்ததும் மாடியில், அலுவலகத்தில் உட்கார வைத்தார்கள். இன்று வெளிநாட்டிலிருந்து வந்த அதிகாரி பேசுவதைத் தமிழில் சொல்ல அழைத்திருந்தார்கள்.

முதல் இரண்டு வாக்கியம் சுலபமாகத்தான் போயிற்று.

'ரஃப் பேட்ச்' என்றார்.

"ஒரு வருஷமா ஆர்டர் சரியில்லயாம்" என்றாள்.

'டைட்டன் அவர் பெல்ட்ஸ்' என்றார். பெல்ட்டை இறுக்கினோம் என்றால் இங்கே யாருக்குப் புரியும்?

"வாயக் கட்டி வயித்தக் கட்டி ஓட்டிப் பாத்துட்டாங்களாம்."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

மூன்றாவதுதான் இது.

'வீ ஹேவ் டு லெட் யூ கோ.'

சின்னச் சின்னச் சொற்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூட எழுத்துக்கூட்டிவிடும். உங்களைப் போக விடுகிறோம். என்னவோ இவர்கள்தான் போக விடுங்கள் என்று காலைப் பிடித்துக் கெஞ்சியதுபோல.

மூன்றாவது வரிசையில் யசோதா தலையைக் குனிந்துகொண்டாள்.

அவளுக்குப் புரிந்துவிட்டது.

யசோதாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் இவளுக்குத் தேர்வு நெருங்கும்போதெல்லாம், பத்து நிமிட டீ இடைவேளையில், புத்தகத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு "அடுத்தது சொல்லு" என்றவள் அவள்தான். லே ஆஃப். கால் ஆஃப். வைண்ட் அப். லெட் கோ. வணிக ஆங்கிலத் தாளில் அந்தப் பட்டியலுக்கு ஐந்து மதிப்பெண். அர்த்தத்தோடு ஒப்பிப்பதைக் கேட்டுக் கேட்டே யசோதாவுக்குப் பாதி மனப்பாடம்.

இவள் மாடிக்குப் போன பிறகு சாப்பாடும் மேலேயே என்றாகிவிட்டது. யசோதா ஒருநாளும் அதைக் குத்திக்காட்டியதில்லை.

மற்ற நாற்பத்திரண்டு பேரும் இவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நம்மள வேலைய விட்டு நிறுத்துறாங்க" என்றாள்.



முன்வரிசையில் இருந்த பூங்காவனம்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"ஒன்னையுமா, லோகா?"

அப்போதுதான் தான் சொன்ன சொல் அவளுக்கே உறைத்தது.

நம்மள.

மேலாளர் வரதராஜன் அவசரமாக எழுந்தார். "லோகேஸ்வரி பேரு லிஸ்ட்ல இல்லம்மா. அவங்க இருப்பாங்க."

"அப்பாடா" என்றாள் பூங்காவனம். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். மனதாரத்தான் சொன்னாள். பக்கத்தில் இருந்தவளும் "நல்லவேள" என்று தலையாட்டினாள்.

லோகேஸ்வரியால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஏதாவது கேட்க வேண்டுமா என்றார் அதிகாரி. அதையும் சொன்னாள். பிறகு பூங்காவனமே கேட்டாள்.

"சாயங்காலம் பஸ்ஸு உண்டா, இல்ல நாங்களே போய்க்கணுமா?"

ஆங்கிலத்தில் அது ஒரே ஒரு வரி. பாதியிலேயே லோகேஸ்வரியின் குரல் உடைந்தது.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். 'ஆஃப் கோர்ஸ்' என்றார். சற்றுப் பொறுத்து மறுபடியும், 'ஆஃப் கோர்ஸ்.'

"பஸ்ஸு உண்டு" என்றாள்.

ஐந்து மணிக்கு வாசலில் ஓர் அட்டைப்பெட்டி வைத்திருந்தார்கள். அடையாள அட்டையை அதில் போட்டுவிட்டுப் போக வேண்டும். பெண்கள் ஒவ்வொருத்தியாகக் கழுத்திலிருந்து கழற்றிப் போட்டார்கள். சிலர் ஒரு முறை புகைப்படத்தைப் பார்த்துக்கொண்டார்கள். ஆறு வருடத்துக்கு முந்தைய முகம்.

லோகேஸ்வரி தன் ஸ்கூட்டியை எடுக்கப் போகவில்லை. வரிசையில் நின்றாள். தன்னுடையதையும் கழற்றிப் போட்டாள். காவலாளி அவளை நிமிர்ந்து பார்த்தார்.

அவளுக்குப் பின்னால் யசோதா. அவள்தான் கடைசி.

பஸ்ஸில் யசோதா ஜன்னலோரம் நகர்ந்து இடம் விட்டாள். பஸ் வாலாஜாபாத்தைத் தாண்டியது. முன்னிருக்கையில் பூங்காவனம் தூங்கிப்போயிருந்தாள்.

யசோதா சாப்பாட்டுப் பைக்குள் கையை விட்டாள். நாடா சுற்றிய அட்டை ஒன்றை எடுத்தாள்.

லோகேஸ்வரியுடைய அட்டை.

நாடாவை விரித்து, அவள் தலை வழியாக மாட்டிவிட்டாள். உள்ளே மாட்டிக்கொண்ட பின்னலை வெளியே எடுத்துவிட்டாள்.

பிறகு, திரும்பிக் கிடந்த அட்டையை, முகம் தெரியும்படி நேராக்கினாள்.