மூச்சு விளக்கு

பக்கத்தில் வாருங்கள் கண்ணுகளா, ஒரு விளக்கின் கதை சொல்கிறேன்.

மின்மினியைப் பார்த்து ஒரு பெண் வடிவமைத்தது அது. மார்பில் அணிந்தால் மூச்சுக்கு மூச்சு ஒளிரும். மூச்சு நின்றால் அணைந்துவிடும். சுரங்கத்துக்குப் போகும் கணவனுக்கென்று ஒன்றே ஒன்று செய்திருந்தாள்.

ஒருநாள் சுரங்கம் சரிந்து அவன் உள்ளே சிக்கிக்கொண்டான். அவன் இருந்த இடம்வரை துளையிட்டுக் கேமராவை இறக்கினால் ஒரே இருட்டு.

"தண்ணி ஏறுதும்மா. உயிர் இருக்குன்னா ஆளுங்களை இறக்குறேன். இல்லைன்னா அவங்களையும் எதுக்குச் சாகடிக்கணும்? நீங்களே சொல்லுங்க," என்றார் அதிகாரி.

"என் விளக்கு பொய் சொல்லாதுங்கய்யா. யாரையும் இறக்காதீங்க," என்று விம்மினாள்.

சுரங்கம் முழுக்கத் தண்ணீர் நிறைந்தபின் வீடு திரும்பினாள். போர்வைக்குள், மகளின் மார்பில் விளக்கு ஒளிர்ந்து மங்கி ஒளிர்ந்தது.

"இருட்டு பயமா இருக்குன்னேன்மா. அப்பாதான் கழட்டி எனக்குப் போட்டுவிட்டாரு."

உங்கள் வீட்டிலிருந்து வேலைக்குப் போகிறவர்கள் எல்லாரும் நல்லபடியாகத் திரும்பி வரட்டும், என் செல்வங்களே.