கொசுக்கடி

"இதயத்துக்குள்ள ஐஸ் வச்சா ஜலதோஷம் பிடிக்காதா?" என்று கேட்ட கணவரை, கைப்பையாலேயே ஒரு போடு போடலாமா என்று பார்த்தாள் மனைவி.

ஆஸ்பத்திரியின் அந்தச் சின்ன அறையில் காலையிலிருந்து இதே பாட்டுதான். அவர் இதயம் தாளம் தப்பித் துடிக்கிறது, மாத்திரைக்கு மசியவில்லை. தொடை வழியாக மெல்லிய குழாயை விட்டு, தப்புத்தாளம் போடும் இடத்தை உறைய வைத்தால் சரியாகிவிடும். நாளைக்கு நேரமும் குறித்தாயிற்று. மனுஷன்தான் மசியவில்லை.

"குழாய் வழி தெரியாம வேற எங்கயாவது போயிட்டா?"

"உங்களை மாதிரி அதுக்கும் வழி கேக்கக் கூச்சமா?"

"விட்டா தானா சரியாயிடும்டி."

"போன வாரம் மாடிப்படியில தலை சுத்தி என் மேல விழுந்தீங்களே, என் இடுப்பு இன்னும் தானா சரியாகலை."

கதவைத் தட்டிக்கொண்டு நர்ஸ் எட்டிப்பார்த்தாள்.

"டாக்டர், நம்ம பேஷன்ட் பயந்துபோய் வீட்டுக்குக் கிளம்பறார். நீங்க வந்து சொன்னாதான் கேப்பார்."

கணவர் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டார். தினம் ஒருத்தருக்காவது அதே குழாயை விடுகிறவர் அவர். மனைவியும் விடாமல் பின்னாலேயே போனாள்.

"கொசு கடிச்ச மாதிரிதான் இருக்கும். இதுக்குப் போயா?" நோயாளியின் தோளைத் தட்டிய டாக்டரின் குரலில் அப்படியொரு கம்பீரம்.

"உங்களுக்கே வந்தா பண்ணிப்பீங்களா டாக்டர்?"

டாக்டர் வாயைத் திறந்தார். அதற்குள் மனைவி முந்திக்கொண்டாள்.

"நாளைக்குப் பண்ணிக்கிறார்," என்றாள் மனைவி. "நீங்க பக்கத்துக் கட்டில்லதானே இருப்பீங்க? கொஞ்சம் தைரியம் சொல்லுங்க."