லிஃப்டில் அழுதது

சோப்புக் கம்பெனியின் சமூக ஊடகப் பக்கத்தைப் பார்த்துக்கொள்பவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிறாள். காலையில் தன் பக்கம் என்று நினைத்துக் கம்பெனிப் பக்கத்தில் எழுதிவிட்டாள்: "லிஃப்ட்ல நின்னு அழுதேன். கதவு திறந்ததும் சிரிச்சுட்டேன்." சோப்புதான் பேசுகிறது என்று ஊரே விழுந்து விழுந்து சிரிக்கிறது. போன் ஓயாமல் அதிர்ந்து அதிர்ந்து மேசை விளிம்பை நோக்கி நகர்கிறது. சீட்டு கிழியும் என்று, பாதி பயமும் பாதி நிம்மதியுமாகப் பையை மடியில் வைத்திருக்கிறாள். மேனேஜர் வருகிறார். வாயெல்லாம் பல். "பிச்சுக்கிட்டுப் போகுதும்மா! இனிமே தினம் ஒண்ணு இதே மாதிரி அழுது போடு. உன்னை எங்கயும் விடமாட்டேன்." அவளுக்குக் கண் நிறைகிறது. கை உயர்கிறது. "ஐயோ, துடைக்காத, துடைக்காத!" என்று அவர் அவசரமாகத் தன் போனைத் தேடுகிறார்.