பக்கத்துத் தலை

எழிலரசியின் தலையில் பொன்னுத்தாயி, சடையப்பன் என்று ஒரு பேன் ஜோடி குடியிருந்தது. கல்யாணமாகி வந்தபோது அந்தத் தலை முழுக்க இந்த ஜோடி மட்டும்தான். இப்போது காதுக்குப் பின்னால் கால் வைக்க இடமில்லை. வேறு யார், எல்லாம் இதுகளின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான். அத்தனையும் சேர்ந்து கடித்தால் எழிலரசி சொறியாமல் என்ன செய்வாள்? அதை அவள் அம்மா பார்த்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை பேன் சீப்பை எடுப்பதாகவும் சொல்லிவிட்டாள்.

“கொஞ்சம் கம்மியா குடிக்கச் சொல்லேன் பிள்ளைங்கள” என்றது சடையப்பன்.

“வளர்ற பிள்ளைங்க வாயைக் கட்டச் சொல்றியா? நேத்து நீ மட்டும் வயிறு வெடிக்கக் குடிச்சியேய்யா!”

“சரி, விடு தாயி. ரெஜினா தலைக்குப் போயிடலாம். அடர்த்தியான முடி. பிள்ளைங்க நல்லா இருக்கும்.”

ரெஜினா வகுப்பில் எழிலரசிக்குப் பக்கத்தில் உட்காருபவள். மறுநாள் ஒரே புத்தகத்தைப் படிக்க இரண்டு பேரும் தலையோடு தலை ஒட்டிக்கொண்டார்கள். பொன்னுத்தாயி கடைக்குட்டியை முதுகில் ஏற்றிக்கொண்டது. குடும்பமே ஒரு முடியைப் பிடித்துக்கொண்டு வரிசையாகக் கிளம்பியது.

பாதி வழியில், ரெஜினா தலையிலிருந்து ஒரு பெரிய கூட்டம் எதிரே வந்தது. முன்னால் வந்த பேனின் முதுகிலும் ஒரு குட்டி இருந்தது.

“எங்க கிளம்பிட்டீங்க?” என்று பதறியது அது. “உங்க தலையில இடம் இருக்கும்னு நம்பித்தானே நாங்க வர்றோம். எங்க வீட்டுல நாளைக்கே சீப்பு!”

பொன்னுத்தாயி சடையப்பனைப் பார்த்தது. சடையப்பன் எங்கேயோ பார்த்தது.

இரண்டு முதுகிலிருந்தும் ஒரே நேரத்தில் சத்தம் வந்தது.

“அம்மா, பசிக்குது.”